எஞ்சிய இருவர்
(விருத்தாசலத்தில் நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விவாகம் முடித்தலைப் பற்றி இச்சங்கத்தில் எத்தனையோ பிரசங்கங்கள் நிகழ்ந்துள்ளன. மக்கள் வளர்ந்து வெளியேறிய பின்னர் வீட்டில் எஞ்சும் இருவரைப் பற்றி யாம் ஒன்றும் கேட்டிலேம். இவ்வூரிற் பீங்கான் தொழில்நுட்பம் பயின்ற நம் பிள்ளைகள் குஜராத்து மோர்பிக்கும் வளைகுடா நாடுகட்கும் செல்கின்றனர். அது மகிழ்ச்சியே. ஆயின், இருபத்தைந்து ஆண்டுகளாக இன்னான் தாய் என்றே வழங்கப்பெற்ற அம்மையார்க்கு, அவன் ஊரை விட்ட மறுநாள் தாம் யாரென்பதே ஐயமாகின்றது. சூளையும் கணக்குமாய் இருந்த கணவர்க்கோ, தமக்கு இலையிட்டவரிடம் பேச ஒரு சொல்லும் அகப்படுவதில்லை.

வேட்கோவராகிய நம் குலத்துதித்த திருநீலகண்ட நாயனாரின் சரிதத்தைச் சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டிற் பாடியருளினார். அதனை யாம் பக்திக்கே எடுத்துக்காட்டுகின்றோம். இல்லறத்திற்கும் அதிற் பொருளுண்டு. தில்லையில் அடியார்க்கு ஓடு வனைந்தளித்த அவர் பரத்தைபாற் சென்றதறிந்த மனைவியார், திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாதென்றார். அவர் பன்மையிற் கூறியமையால் நாயனார் எல்லா மாதரையும் நீத்தார். இருவரும் ஒரே மனையில் அயலறியாது முதுமைவரை வாழ்ந்தனர். அம்மையார் மற்றை இல்லறப் பணிகளில் ஒன்றையும் குறைத்தாரல்லர். இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சோறும் நீரும் குறையாதிருந்தமையால் அவ்வீட்டில் யாதொரு குறையுமில்லையென்று ஊரார் கருதினர். நம் வீடுகளையும் யாம் அவ்வாறே கருதுகின்றோம். சிவயோகியாய் வந்த இறைவன் தாம் மறைத்த ஓட்டின் பொருட்டு, மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்க என்று தில்லைவாழந்தணர் முன்னிலையில் வழக்குரைத்தார். அதன் பின்னரே, மூங்கில் தண்டின் இருமுனைகளை இருவரும் பற்றி நிற்க, நாயனார் பழைய செய்தியை யாவரும் கேட்க உரைத்தார். உரைத்து மூழ்கிய பின்னர் இளமை வந்தது, உரைக்குமுன் வந்ததன்று.

இவ்வூர்ப் பழமலைநாதர் கோயிலிலும் அம்மை விருத்தாம்பிகை என்றும் பாலாம்பிகை என்றும் எழுந்தருளியிருத்தல் தாங்கள் அறிந்ததே. குருநமசிவாயர் பசியால் அம்மையைக் கிழவியென்று பாட, கிழவியால் அன்னம் கொணர எங்ஙனம் இயலும் என்று வினவி, மாற்றிப் பாடுவித்து, இளையாளாய் வந்து உணவளித்தனள் என்பர். நம் வீட்டு அம்மையார் அங்ஙனம் வினவுவதில்லை, வினவினால் நலமே.

இனி, ஒரு வழக்கத்தைக் கண்டிக்கின்றோம். பேரப்பிள்ளையை வளர்க்கத் தாயை மூத்தவன் அழைத்துக்கொள்ள, தந்தை இளையவனிடத்தோ தனியே சூளையடியிலோ கிடக்கின்றார். பெற்றோரைப் பண்டம்போற் பங்கிடும் இவ்வேற்பாட்டிற்குப் பாகப் பஞ்சாயத்தில் நம் பெரியோர்களே தலையசைக்கின்றனர். இருவரையும் கேளாது இனி அவ்வாறு இசைதல் கூடாது. மேலும், சங்கப் பதிவேட்டில் அங்கத்தினர் பெயர்க்கு எதிரே 'மனைவி' என்று மட்டும் எழுதும் முறையை நீக்கி, அவ்வம்மையாரின் சொந்தப் பெயரையும் அவர் அறிந்த தொழிலையும் எழுதுமாறு காரியதரிசி அவர்களை வேண்டுகின்றோம். வர்ணம் தீட்டுதலில் நம்மினும் வல்லார் பலர் அவருள் உளர்.