வண்டியின் பங்கு

தில்லியில் நாம் குடியிருக்கும் இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில், வேப்பமரத்தடியில் மேசை போட்டுத் துணி தேய்த்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. அவருடைய மகன் இருபத்தாறு வயது இளைஞர். கரோல்பாகில் ஒரு ஜவுளி வியாபாரியின் சரக்கு வண்டியை மாதம் 16,000 ரூபாய் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். 2024ஆம் ஆண்டின் கடைசியில், ஒரு ஞாயிறு மாலை, காகிதக் கட்டு ஒன்றுடன் நம் வாசலில் வந்து நின்றார்.

"பாபுஜி, வேலையை விட்டுவிட்டுச் சொந்த வண்டி வாங்கப் போகிறேன். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் சொற்களைக் கொண்டு சேர்ப்பது நம் தொழில். அன்று அவற்றை நமக்குத் தெரிந்த இந்தியில் சொல்ல நேர்ந்தது. இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று எண்ணிய காரியம் ஏறத்தாழ ஓராண்டு நீண்டது. அந்த ஓராண்டில் நாம் கற்றுக்கொண்டவற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல முற்படுகிறோம். நாம் அவருக்குக் கற்பித்தது சொற்பமே.

அவர் வாங்க எண்ணியது வட நாட்டில் மக்கள் 'சோட்டா ஹாத்தி' என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டி. குட்டி யானை என்று நம் ஊரிலும் சொல்வார்கள். 2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் இதன் முதல் வண்டியை வெளியிட்டதிலிருந்து, லாரி நுழையாத சந்துகளுக்கெல்லாம் சரக்கு செல்ல வழி பிறந்தது. ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, தாமே முதலாளியும் தாமே ஓட்டியுமாகப் பிழைப்பவர்கள் நாடெங்கும் பெருகினர். இணையத்தின் வழியே பொருள் வாங்கும் பழக்கம் வந்தபின், பொருளை வீட்டு வாசலில் கொண்டுசேர்ப்போரின் கூட்டமும் அவர்களோடு சேர்ந்துகொண்டது.

சட்டப்படி வேண்டியவற்றை முதலில் பார்த்தோம். இளைஞரிடம் இலகு மோட்டார் வாகன உரிமம் இருந்தது. சரக்கு வண்டிக்குத் தனியே மேலொப்பம் வேண்டுமா என்ற வழக்கு நெடுங்காலம் இழுபட்டது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியானால் தனி மேலொப்பம் வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2024 நவம்பர் 6ஆம் நாள் தீர்ப்பளித்தது. அனுமதிச் சீட்டு, அதாவது பர்மிட்டைப் பற்றி ஓர் இடைத்தரகர் வேறு கதை சொல்லி, அதற்கென்று 4,000 ரூபாய் கேட்டாராம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவோ, சுமையோடு மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்கிறது. மொழிபெயர்ப்பாளனின் படிப்பு ஒருவருக்கு நாலாயிரம் ரூபாய் மிச்சப்படுத்திய அரிய தருணம் அது!

ஆயினும் விலக்க முடியாதவை உண்டு. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துகள் வேண்டும். மின் வண்டியானால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்துகள். தகுதிச் சான்றைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இந்தக் காப்பீடு நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கு மட்டுமே ஈடு செய்யும். நம் வண்டி நசுங்கினாலும், ஏற்றிய சரக்கு நனைந்தாலும் அதிலிருந்து ஒரு காசும் வராது. இதைச் சொன்னபோது இளைஞரின் முகம் சிறிது வாடியது. வெள்ளைப் பலகை கொண்ட சொந்த உபயோக வண்டியிலேயே வாடகைச் சரக்கை ஏற்றிச் சமாளிக்கலாம் என்று அவருடைய நண்பர்கள் யோசனை கூறியிருந்தார்கள். விபத்து நேரும் நாளில் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வியே அதுவாக இருக்கும் என்று எச்சரித்தோம்.

அண்டை மாநிலத்திலிருந்து பழைய டீசல் வண்டியை மலிவாக வாங்கும் ஆசையும் அவருக்கு இருந்தது. தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. 2025இல் மட்டும் அந்த விதியின் நிலை இருமுறை மாறியது. போதாக்குறைக்கு, குளிர்காலத்தில் புகைமூட்டம் கவியும்போது டீசல் சரக்கு வண்டிகளுக்குப் படிப்படியாகத் தடை விதிக்கிறார்கள். வண்டி நிற்கலாம், தவணை நிற்காது அன்றோ! ஆகவே இயற்கை எரிவாயுவில் ஓடும் புதிய வண்டியே ஆகட்டும் என்று முடிவாயிற்று. மின் வண்டிக்கு வேறொரு சலுகை இருந்தது: நெரிசல் வேளைகளில் சரக்கு வண்டிகள் நுழையக் கூடாத சாலைகளிலும் அது செல்லலாம் என்று தில்லி அரசு 2021இல் விலக்கு அளித்திருந்தது. ஆனால் அதன் விலை அவருக்கு எட்டவில்லை.

எல்லாம் சேர்ந்து வண்டியின் அடக்கம் 6 லட்சம். அதில் ஒரு லட்சம் அவருடைய தாயாரின் வளையல்கள். மீதி 5 லட்சத்துக்கு வங்கிக் கடன். 2015 ஏப்ரல் 8ஆம் நாள் தொடங்கப்பெற்ற முத்ரா திட்டத்தில், ஈடு காட்டாமலே 10 லட்சம் வரை சிறுதொழிலுக்குக் கடன் பெற வழியுண்டு. முதலில் போன வங்கியில் அதை அறியாதவர்கள் போலப் பேசினார்களாம்; இரண்டாவது வங்கியில் கிடைத்தது. வட்டி 12 சதவீதம், அறுபது மாதம், மாதத் தவணை சுமார் 11,100 ரூபாய்.

முதல் மாதம் முடிந்தது. கைபேசிச் செயலி வழியே நடைகளைப் பிடித்துத் தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, இருபத்தைந்து நாள் ஓட்டி, 47,500 ரூபாய் சேர்த்துவிட்டார். தேய்த்த துணிகளைக் கொண்டுவந்த பெரியவர் அதைப் பெருமையோடு சொன்னார். "பழைய சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு அல்லவா! நல்ல காரியம் செய்தான் உங்கள் மகன்" என்று நாமும் மனமார வாழ்த்தினோம். இந்த வாழ்த்தை நினைத்து நாம் பின்னால் வெட்கப்பட நேர்ந்தது.

மூன்றாம் மாதம் அந்த இளைஞர் 4,000 ரூபாய் கடன் கேட்டு வந்தார். மூன்று மடங்கு சம்பாதிப்பவர் ஏன் கடன் கேட்க வேண்டும்? அன்றிரவு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு இருவருமாகக் கணக்குப் பார்த்தோம். 47,500இல் எரிவாயுவுக்கு 15,000. தவணை 11,100. ஆண்டுக்கொருமுறை வரும் காப்பீட்டுக்கும் வரிக்கும் சான்றுக்குமாக மாதந்தோறும் ஒதுக்க வேண்டியது 3,000. டயர், எண்ணெய், பழுது ஆகியவற்றுக்கு 3,500. வண்டி நிறுத்தும் கட்டணம், ஏற்றுக்கூலி 1,500. எஞ்சியது 13,400. பழைய சம்பளத்தைவிட 2,600 ரூபாய் குறைவு!

"ஆனால் பாபுஜி, தவணை கட்டக் கட்ட வண்டி எனக்குச் சொந்தமாகிறதே" என்றார். நியாயமான கேள்வி. முதல் மாதத் தவணையில் 5,000 வட்டிக்குப் போகிறது. 6,100 தான் அசலில் கழிகிறது. அந்த 6,100 சேமிப்பு என்றே வைத்துக்கொள்வோம். வண்டியோ நாளுக்கு நாள் தேய்கிறது. இன்று 6 லட்சம் பெறும் வண்டி ஆறாண்டு உழைத்தபின் 2 லட்சத்துக்கு விலைபோனால், தேய்ந்தது 4 லட்சம். மாதத்துக்கு ஏறத்தாழ 5,500. சேமிப்பு என்று நாம் எண்ணியதில் நிற்பது 600 ரூபாயே. மாலையில் சட்டைப்பையில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதி எரிபொருளுக்கு உரியது, ஒரு பகுதி கடன்காரருக்கு உரியது. மற்றொரு பகுதி அந்த வண்டிக்கே உரியது. அது தேய்ந்து ஒழியும் நாளில் அடுத்த வண்டியாக மாறவேண்டிய பணம் அது. சம்பளத்துக்கு ஓட்டியபோது இந்தத் தேய்மானம் ஜவுளி வியாபாரியின் கவலையாக இருந்தது. முதலாளியான அன்றே அது இவர் தலையில் ஏறிவிட்டது. ஏறியது தெரியாமலிருந்ததுதான் அபாயம். இளைஞர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நோட்டில் ஒரு கோடு கிழித்து, 'வண்டியின் பங்கு' என்று இந்தியில் தலைப்பிட்டார்.

கடன் கேட்க உடனடிக் காரணம் வேறு. ஒரு வாடிக்கையாளர் பெட்டி உடைந்திருந்ததாகப் புகார் செய்யவே, செயலி அவர் கணக்கை நான்கு நாள் முடக்கிவிட்டது. யாரிடம் முறையிடுவது? பேசினால் பதிவு செய்த குரல் பதில் சொல்கிறது. தவணையோ ஐந்தாம் தேதி. முதல் நாள் கொண்டுவந்த ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம். அதில் அவரைப் 'பார்ட்னர்' என்றே பக்கத்துக்குப் பக்கம் அழைத்திருந்தார்கள். நாம் அன்று அதைக் 'கூட்டாளி' என்று வாய் கூசாமல் பெயர்த்துச் சொல்லியிருந்தோம். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒரு தொழிலின் இலாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர்களே கூட்டாளிகள். இந்த ஒப்பந்தத்தில் இலாபப் பங்கு எங்கும் இல்லை. செலவும் நட்டமும் மட்டும் கூட்டாளியுடையவை. கட்டணத்தை நிர்ணயிப்பதும் மாற்றுவதும் நிறுவனம். தொழிலாளி என்றால் முதலாளிக்குச் சில கடமைகள் உண்டு, கூட்டாளி என்றால் பங்கு உண்டு, இவர் இரண்டுமல்லர். சொல்லைச் சரியாகப் பெயர்த்தோம், பொருளைத் தவறவிட்டோம்.

இத்தகையோரைச் சட்டம் அடியோடு மறந்துவிட்டதென்று கூறமுடியாது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. வழக்கமான முதலாளி தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்போரை அது 'கிக்' தொழிலாளர் என்று முதன்முறையாக இலக்கணப்படுத்துகிறது. சரக்குப் போக்குவரத்துச் சேவை நடத்துவோர் உள்ளிட்ட இடைநிலை நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுவரவில் 1 முதல் 2 சதவீதம் வரை இவர்களின் நலநிதிக்குச் செலுத்த வேண்டும். ஆனால் இவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு அது மேற்படாது. 'கிக்' என்பது ஜாஸ் வாத்தியக்காரர்கள் ஓரிரவுக் கச்சேரிக்கு வழங்கிய பெயர். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி நாம் ஒரு மாதம் திண்டாடியதுண்டு. கச்சேரி முடிந்ததும் சன்மானத்தோடு உறவு தீர்ந்தது என்ற பொருள் அதில் அடங்கியிருக்கிறது. சட்டம் அந்த உறவைச் சிறிது நீட்டிக்கப் பார்க்கிறது. ஆயினும் முடக்கப்பட்ட அந்த நான்கு நாள் வாடகைக்கு அது பரிகாரமாகாது.

பரிகாரம் ஆசாத்பூரில் கிடைத்தது. நகரின் வட பகுதியிலுள்ள அந்தப் பெரிய காய்கனிச் சந்தைக்கு, நம் பகுதியின் சில்லறைக் கடைக்காரர்கள் தனித்தனியே போய்வந்துகொண்டிருந்தார்கள். இளைஞர் அவர்களில் ஆறு பேரைப் பிடித்து, கடைக்கு 300 ரூபாய் வாடகை பேசிக்கொண்டார். இரவு இரண்டு மணிக்குப் புறப்படுகிறார். காலை நெரிசல் தொடங்கி நுழைவுத் தடை வருமுன் சரக்கை இறக்கிவிடுகிறார். போகும்போது வண்டி காலியாகப் போவதுதான் இத்தொழிலின் பெரிய நட்டம். அதற்கும் அவரே வழி கண்டார்: முந்தின நாள் காலிப் பெட்டிகளைச் சந்தைக்குத் திருப்பிக் கொண்டுசேர்க்க அங்குள்ள ஒரு மொத்த வியாபாரி சிறு கூலி கொடுக்கிறார். பிற்பகலில் மூன்று மணி நேரம் மட்டும் செயலியைத் திறந்துவைக்கிறார். கட்டணம் கட்டுப்படியாகாத நடையை வேண்டாமென்று தள்ள இப்போது அவருக்குத் துணிவு இருக்கிறது. செயலி மறுபடி முடங்கினாலும் அடுப்பு எரியும்.

சென்ற மாதம் செலவெல்லாம் போக 22,000 ரூபாய்க்குச் சற்று மேல் நின்றதாகச் சொன்னார். அதில் 5,500ஐத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டுவிட்டாராம். உறக்கம் குறைந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னார். பகலில் வேப்பமரத்தடியில் தந்தையின் மேசைக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு அவர் உறங்குவதை நாம் பலநாள் பார்த்திருக்கிறோம். நம்மிடம் வாங்கிய 4,000இல் இரண்டாயிரம் திரும்பி வந்துவிட்டது. மீதியைக் கேட்கவேண்டாமென்று நம் வீட்டில் சொல்கிறார்கள். ஏனெனில், வாரத்தில் இரண்டு நாள் ஆசாத்பூரிலிருந்து ஒரு பை காய்கறி நம் வாசலுக்கு வந்துவிடுகிறது. அதையும் அவர் நோட்டில் எழுதுகிறாரா என்று இன்னும் கேட்கவில்லை.