படகின் பின்னால் உட்கார்ந்திருப்பவர்



மலையேறவும் ஆற்றில் ரப்பர் படகு விடவும் வழிகாட்டி அவசியமா, கைப்பேசியில் இருக்கும் வரைபடம் போதாதா என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தம்பி அழகாகப் பேசினார். "பாதை போட்டிருக்கிறார்கள், பலகை நட்டிருக்கிறார்கள், கைக்குள் கூகள் இருக்கிறது. பிறகு எதற்குத் தனியாக ஓர் ஆளுக்குப் பணம்?" என்று கேட்டார். பலத்த கைதட்டல். கைதட்டியவர்களில் பாதிப் பேராவது கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களாக இருப்பார்கள். ஆனால் எதுவரை போயிருப்பார்கள்? கியா பார்ம் வரை.

கியா பார்ம் என்றால் நம்மவர்களுக்குச் சந்தை. பிரிஞ்சாங்கைத் தாண்டியதும் வரிசையாகக் கடைகள். ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தேன், முட்டைக்கோஸ். பள்ளி விடுமுறையில் கார் நகராது. வாங்கியதைப் பின்னிருக்கையில் போட்டு, தேயிலைச் செடியோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் அந்தச் சந்தையின் பக்கத்தில் இருந்துதான் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குக் குறுகலான ஒரு சாலை பிரிகிறது. அது தோட்டப் பகுதியைக் கடந்து பிரிஞ்சாங் மலை உச்சிக்கு, 2,000 மீட்டருக்கும் மேலே போகிறது. தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. அது பாசிக்காடு. மேகம் வந்து உட்காரும் காடு. மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு நிற்கும். அடியில் இருந்து கிளை வரை பாசி.

அங்கிருந்து ஈராவ் மலைக்கு ஒரு நடைபாதை. உயரம் 2,110 மீட்டர். கார் நிற்கும் இடத்தில் இருந்து கணக்குப் போட்டால் தூரம் சில கிலோமீட்டர்தான். காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அங்கே தரை தரையாக இருக்காது. வேருக்கு மேல் வேர், வேருக்கு மேல் பாசி, பாசிக்கு அடியில் வெறும் பொந்து. மண் என்று நம்பி வைத்த கால் முழங்கால் வரை உள்ளே போகும். மேகம் இறங்கிவிட்டால் முன்னால் போகிறவரின் முதுகு மறைந்துவிடும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று வரைபடம் சொல்லும். அடுத்த காலை எங்கே வைப்பது என்று சொல்லாது.

அப்படியானால் வழிகாட்டி என்னதான் செய்கிறார்? வழி காட்டுவது அவர் வேலையில் கால்வாசி. மீதி முக்கால்வாசி, ஆளைப் பார்ப்பது. புறப்படும்போதே யார் காலில் வழுக்கும் செருப்பு, யாரிடம் மழைச்சட்டை இல்லை, யார் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று பார்த்துக்கொள்கிறார். ஒருவர் முன்னால் போனால் இன்னொருவர் கடைசியில் வருகிறார். அந்தக் கடைசி ஆள்தான் முக்கியம். பின்தங்குகிறவர் அவருக்கும் பின்னால் போக முடியாது. நனைந்த பனியனோடு மலைக்குளிரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நல்ல உடம்புக்காரருக்கே பேச்சுக் குழறும். அதைப் பார்த்து, "இத்தோடு போதும், திரும்புங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். நண்பர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். "இன்னும் கொஞ்சம்தான், வாடா மச்சான்" என்பார்கள். நண்பனுக்கு உச்சி முக்கியம். வழிகாட்டிக்குத் தலை எண்ணிக்கை முக்கியம்.

அனுபவசாலிக்குமா வழிகாட்டி என்று எதிரணி கேட்கலாம். கேமரன் மலையே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஜிம் தாம்சன் என்று ஓர் அமெரிக்கர். தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க உளவுப் பிரிவில் இருந்தவர். காட்டுக்குப் புதியவர் அல்ல. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தானா ராத்தாவுக்குப் பக்கத்தில் நண்பர்களின் பங்களாவில் தங்கியிருந்தார். பிற்பகலில் மற்றவர்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே நடந்தார். திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி மக்கள், மாந்திரீகர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். கடத்தினார்கள் என்று ஒரு கதை, புலி என்று ஒரு கதை. எதற்கும் உறுதியான தடயம் இல்லை. உண்மை என்ன என்பது இந்த அரங்கத்தில் தீராது. ஆனால் தேடப் போனவர்களுக்கு இருந்த முதல் சிக்கல், எந்தப் பக்கம் தேடத் தொடங்குவது என்பதுதான். அவரோடு போனவர் யாரும் இல்லை. இன்று ஒரு வழிகாட்டியோடு போகிறவரின் பெயரும், போகும் பாதையும், திரும்பும் நேரமும் கீழே ஒருவரிடம் இருக்கும். அதுவே பாதி உயிர்.

வரைபடத்தை நம்பும் தம்பிக்கு இன்னொரு கதை. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதினார். கூலோப் ரியாவ் என்பவர் அவரோடு போனார். மலைக்குக் கேமரன் பெயர் வந்தது. கூலோப் ரியாவ் பெயரை இந்த அரங்கத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? கேமரன் சொன்ன இடம் அதன் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டு பேச்சாகவே கிடந்தது. 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் வேலை நடந்தது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம், 1931-இல் தாப்பா சாலை. அந்த நாற்பது ஆண்டும் செமாய் மக்கள் அந்தக் காடுகளில் பிறந்து, வளர்ந்து, வழி பிசகாமல் வீடு திரும்பிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தத் தொகுதிக்கு ஓர் ஒராங் அஸ்லி நாடாளுமன்ற உறுப்பினர், ராம்லி முகமட் நோர், கிடைக்க 2019 வரை ஆயிற்று என்பது வேறு கதை.

மலை இருக்கட்டும். ஆற்றுக்கு வருவோம். படகுக்காரர்கள் கியா பார்மில் இருந்து வடக்கே கம்போங் ராஜா போய், சிம்பாங் பூலாய் சாலையில் பேராக் பக்கம் இறங்கி, கோப்பெங்குக்குப் போகிறார்கள். அங்கே கம்பார் ஆறு. காற்றடைத்த ரப்பர் படகில் பாறைகளுக்கு நடுவே இறங்கும் விளையாட்டுக்குப் பெயர் போன இடம். ஒரு நாள் மலை, ஒரு நாள் ஆறு என்று சேர்த்தே போகிறவர்கள் உண்டு.

படகில் ஏறும்போது நம்மவர்கள் செய்யும் முதல் காரியம் முன் இருக்கைக்குச் சண்டை. படம் நன்றாக வரும் என்று. வழிகாட்டி சத்தமில்லாமல் பின்முனையில் போய் உட்காருவார். அங்கிருந்துதான் எல்லோரும் தெரிவார்கள். அங்கிருந்து போடும் துடுப்புத்தான் படகைத் திருப்பும். "முன்னுக்குப் போடு, பின்னுக்குப் போடு, நிறுத்து, குனி" என்று நாலைந்து கட்டளைதான். அதைக் கரையிலேயே பத்து முறை சொல்ல வைப்பார். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். முதல் பாறையில் சிரிப்பு நின்றுவிடும்.

அவர் சொல்லிக் கொடுக்கும் இன்னொரு பாடத்தை இந்த நிகழ்ச்சியைப் பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும். படகில் இருந்து விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாது. மல்லாந்து படுக்க வேண்டும். கால் இரண்டும் ஆறு போகிற திசையில், தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று நின்றால் பாதம் இரண்டு கற்களுக்கு இடையில் மாட்டும். பின்னால் வரும் தண்ணீர் ஆளை முன்னால் சாய்த்துவிடும். பிறகு நீச்சல் தெரிந்தும் பயன் இல்லை. கிணற்றில் நீந்தப் பழகியவருக்கு இது தெரியாது. குளத்தில் பதக்கம் வாங்கியவருக்கும் தெரியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் அதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தண்ணீரின் தலை. மேலே மலையில் மழை கொட்டும். கீழே வெயில் அடிக்கும். குளிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். திடீரென்று ஒரு சுவர் மாதிரித் தண்ணீர் இறங்கும். 2023 ஜூலையில் திரெங்கானு, கெமாமான் பக்கம் ஓர் அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பத்துப் பேரை இப்படித்தான் தண்ணீர் கொண்டுபோனது. தெளிந்த நீர் கலங்குவது, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவது, தூரத்தில் ஓர் இரைச்சல். ஆற்றோடு வாழ்கிறவர் இந்த அடையாளங்களைப் பார்த்த உடனே கரையேறச் சொல்வார். காரணம் பிறகுதான் சொல்வார். வெளியூர்க்காரர், "என்ன அழகாகச் சிவந்து வருகிறது" என்று கைப்பேசியைத் தூக்குவார்.

வானத்தைப் பார்த்தால் மட்டும் ஆறு புரிந்துவிடாது. கேமரன் மலையில் தெலோம் ஆற்றின் தண்ணீர் சுரங்கம் வழியாகப் பெர்த்தாமுக்கு வருகிறது. அங்கிருந்து ரிங்லெட் நீர்த்தேக்கம். மறுபடியும் சுரங்கம். பிறகு பேராக் பக்கம் மின்நிலையம். பகாங்கில் பெய்த மழை மலையைத் துளைத்துக்கொண்டு அடுத்த மாநிலத்துக்குப் போகிறது. 2013 அக்டோபர் 23 விடியலுக்கு முன், கனமழையில் ரிங்லெட் அணையில் இருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின, வீடுகளும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டன. மேலே அணை இருக்கிறதா, இன்று திறக்கிறார்களா என்று யாரைக் கேட்பது என்பது அந்த ஊர் ஆளுக்குத் தெரியும்.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய கதை அல்ல. கேமரன் மலையைப் போலவே தேயிலைக்குப் பெயர் போன கொழுக்குமலை தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கிறது. அதன் அடிவாரத்தில் தேனி மாவட்டக் குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள். படித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள், கையில் கைப்பேசி இருந்தவர்கள். மார்ச்சில் அந்தச் சரிவில் புல் எப்படிக் காய்ந்திருக்கும், சரிவில் தீ ஆள் ஓடுவதைவிட வேகமாக மேலே ஏறும் என்பதெல்லாம் அங்கே மாடு மேய்ப்பவருக்குப் பாலபாடம். குழுவைக் கூட்டி வருகிறவர் வேறு, அந்த மலையின் வழிகாட்டி வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் இன்றைக்குப் பல இடத்தில் நடக்கிறது.

அதன் பிறகு தமிழக அரசு விசாரணை வைத்தது. மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். அதில் கவனிக்க வேண்டியது பாதைகளின் எண்ணிக்கை அல்ல. மலையோரக் கிராமத்து இளைஞர்களையும் பழங்குடி இளைஞர்களையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கிறார்கள். இருபது குடும்பங்கள் அழுத பிறகு வந்த யோசனை. முன்னாலேயே வந்திருக்கலாம்.

"பணத்துக்காகத்தானே வருகிறார்கள்" என்று ஒரு சொல் எதிரணியில் இருந்து வந்தது. ஆமாம், பணத்துக்காகத்தான். ஆசிரியரும் டாக்டரும் சம்பளம் வாங்கவில்லையா? 2015 ஜூன் 5, சபாவில் நிலநடுக்கம். கினபாலு மலையில் பாறைகள் உருண்டு 18 பேர் இறந்தார்கள். அவர்களில் மலை வழிகாட்டிகளும் இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மேலே சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. அத்தனை பேரையும் நடத்தியும் தாங்கியும் கீழே கொண்டுவந்ததில் பெரும்பங்கு அந்த மலையடிவாரத்து வழிகாட்டிகளுடையது. அன்றைக்கு அவர்களுக்குப் பேசிய கூலியில் அந்த வேலை இல்லை.

மலேசியாவில் மலை வழிகாட்டியை 'மாலிம் குனோங்' என்பார்கள். பயிற்சி உண்டு, அனுமதி அட்டை உண்டு. கேமரன் மலைத் தோட்ட லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பயிற்சிக்குப் போகிறார்கள்? தாத்தாவும் பாட்டியும் கொழுந்து கிள்ளிய சரிவு. மூடுபனி எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இருந்து வரும் என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் வாயில் வருகிறது. அந்தப் பிள்ளை கோலாலம்பூர் போய்க் கடையில் பெட்டி தூக்குகிறான். இங்கே சுற்றுலாக் கூட்டத்தோடு ஈராவ் ஏறுகிறவருக்கு நேற்றுத்தான் மலை அறிமுகம். இதைப் பெற்றோர்களும் யோசிக்க வேண்டும், தோட்டத்துச் சங்கங்களும் யோசிக்க வேண்டும்.

பள்ளி முகாம், கோயில் இளைஞர் சுற்றுலா என்று பிள்ளையை அனுப்பும்போது சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் நாலு கேள்வி கேளுங்கள். வழிகாட்டிக்கு அனுமதி அட்டை இருக்கிறதா? எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை வழிகாட்டி? கடைசியில் நடப்பது யார்? மழை வந்தால் திரும்புவது என்று முடிவு செய்வது யார், ஆசிரியரா வழிகாட்டியா? பதில் தயங்கினால் பேனாவை மூடிவிடலாம். பணம் திரும்ப வராது என்பார்கள். பரவாயில்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணித் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த விடுமுறையில் ஈராவ் ஏறப்போவதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நல்லபடி போய் வரட்டும். போகும்போது மழைச்சட்டையும், அட்டைக் கடிக்குக் கொஞ்சம் உப்பும் எடுத்துக்கொள்ளட்டும். கூட ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.