பச்சை தெரிந்தால் போதுமா?



தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் வயல்களிலும் பாலாற்றிலும் கலந்ததைக் குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. சரி, கெட்டுப்போன மண்ணை என்ன செய்வது? "பாக்டீரியா போட்டா சரியாயிடுமாமே?" என்று பலரும் கேட்கிறார்கள். பாதி உண்மை.

குரோமியத்தில் முக்கியமாக இரண்டு வகை. ஆறு இணைதிறன் கொண்டது கடும் நஞ்சு. நீரில் கரைந்து கிணறு வரை போகும். மூன்று இணைதிறன் கொண்டது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கிடக்கும், நஞ்சும் குறைவு. பேசில்லஸ், சூடோமோனாஸ் இனங்களில் சில, முதல் வகையை இரண்டாவதாக மாற்றுகின்றன. ஆனால் குரோமியம் ஒரு தனிமம். வடிவம் மாறுமே தவிர, அழியாது.

இன்னொரு உதவியும் உண்டு. உலோகம் தாக்கினால் செடி எத்திலீனை அதிகம் சுரக்கும். காயைப் பழுக்க வைக்குதே, அதே எத்திலீன்தான். அது மிஞ்சினால் வேர் வளராது. சில மண் பாக்டீரியாக்கள், எத்திலீனாக மாற வேண்டிய மூலப்பொருளையே ஒரு நொதியால் உடைத்துவிடுகின்றன. 1998-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிக்கல் கலந்த சூழலில் கனோலா நாற்றுகளை இப்படி நன்றாக வளர்த்துக் காட்டினார்கள்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். நாற்று செழித்தது, ஆனால் அது உறிஞ்சிய நிக்கலின் அளவு குறையவில்லை! செடிக்கு வலி குறைந்தது, உள்ளே போன உலோகம் உள்ளேயேதான் இருந்தது. வேறு சில பாக்டீரியாக்கள் உறிஞ்சுவதைக் கூட்டவும் செய்யும். செடியைக் கொண்டே மண்ணைச் சுத்தம் செய்ய அது நல்லது. சாப்பாட்டுப் பயிருக்கு ஆபத்து.

ஆகவே முதல் வேலை, கழிவு வரும் வாயை அடைப்பது. அடுத்து மண்ணையும் நீரையும் சோதிப்பது. சோதனை முடியும்வரை அந்த நிலத்தில் மரமோ பூவோ வைக்கலாம். அதற்குப் பாக்டீரியா நல்ல துணை.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் இதை ப்ராஜெக்டாக எடுத்தால், பயிரின் உயரத்தை மட்டும் அளந்துவிட்டு வராதீங்க. தானியத்தில் எவ்வளவு உலோகம் என்பதையும் அளந்து, இரண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. விவசாயி வீட்டுப் பிள்ளை சாப்பிடப்போவது உயரத்தை அல்ல, அந்தத் தானியத்தை.