பெரிய சந்தையும் சிறிய திண்ணையும்
(கோம்பையில் பேசியது)



டுவிட்டர் என்ற பெரிய சந்தையை விட்டு மஸ்டொடான் என்ற சிறு திண்ணைக்கு ஏன் போகிறீர்களென்று நம்மைக் கேட்கிறார்கள்.

1936-ல் ஹாம்பர்க் கப்பல் துறையில் கூட்டமெல்லாம் நாஜி சலாம் போட, ஒருவன் மாத்திரம் கைகட்டி நின்றான். அந்தப் படத்தை சுப்ரீம் கோர்ட் வக்கீல் சஞ்சய் ஹெக்டே தம் பக்கத்தில் வைத்திருந்தார். 2019 அக்டோபரில் அவர் கணக்கு முடக்கப்பட்டது. சலாம் போடாதவன் படம் துவேஷமாம்! சட்டமும் கம்பெனியுடையது, தீர்ப்பும் கம்பெனியுடையது. அடுத்த மாதமே இந்தியர்கள் பலர் மஸ்டொடானுக்குப் போனார்கள்.

2022-ல் டுவிட்டரே 4,400 கோடி டாலருக்குக் கைமாறிற்று. அதில் எழுதிக் குவித்த நம்மை யார் கேட்டார்கள்? மாட்டை விற்கிறவன் மாட்டைக் கேட்பானா?

மஸ்டொடானில் அவரவர் தனி சர்வர் நடத்தலாம். அங்கும் சர்வர்காரன் பண்ணையாராகலாம், கூட்டம் குறைவுதான். ஆனால் பிடிக்காவிட்டால், பழைய எழுத்து வராவிட்டாலும், நம்மைப் பின்தொடர்கிறவர்களோடு வேறு சர்வருக்குக் குடிபோகலாம்.