ஓடிச் சேர்த்த காசு



இலண்டன் மரதன் ஓட்டம் 42.195 கிலோமீற்றர். பாதித் தூரத்துக்குச் சற்று முன்னே தேம்ஸ் நதியின் ரவர் பாலம் வரும். அதுவரை வீதியோரச் சனத்தின் ஆரவாரமே ஆளை இழுத்துப்போகும். முப்பதாவது கிலோமீற்றருக்குப் பிறகுதான் முழங்கால் நோகத் தொடங்கும். நோயாளிகளுக்கு நான் சொல்லும் புத்திமதி ஒன்றும் அப்போது எனக்கு உதவவில்லை.

நான் ஓடியது வன்னிப் பிள்ளைகளின் படிப்புக்காக. “உங்கள் நாட்டில் இலவசக் கல்விதானே?” என்று அங்கே கேட்டார்கள். பாடப்புத்தகம் அரசாங்கம் தருகிறது; கொப்பி, பஸ் காசு, ரியூஷன் எல்லாம் வீட்டாரின் தலையில்.

காசு தந்த ஒருவர், உதவி பெறும் பிள்ளையின் படம் கேட்டார். மறுத்துவிட்டேன். 1995 இடப்பெயர்வின்போது எனக்கும் ஒரு சோடிச் சப்பாத்துக் கிடைத்தது. அளவு காணாது. இருந்தும் அதைக் கையில் பிடித்துச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். திரும்பி வந்து இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த காலம் முழுக்க, அந்தப் படத்தை யாரும் கண்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கிருந்தது. இன்றுதான் உங்களுக்குச் சொல்கிறேன்.

கேட்டவருக்கு என்னுடைய படத்தையே அனுப்பினேன்: முடிவுக்கோட்டில், வியர்வையோடு நொண்டிக்கொண்டு நிற்கிறேன். அடுத்த வருடமும் அவர் காசு தந்தார்.