மழையில் முன் கண்ணாடி: தண்ணி ஒட்டாத கோட்டிங் யாருக்கு வேணும், யாருக்கு வேணாம்?

(எபிசோடின் பேச்சு. படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

வடகிழக்குப் பருவமழை வரப்போற நேரம். சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்யுற மழையில பாதிக்கும் மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ளதான் கொட்டுது. அதனால இந்த வாரம் கோடிங் கிடையாது, சர்வர் கிடையாது. காரோட முன் கண்ணாடியைப் பத்திப் பேசப்போறோம்.

இதுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் மெசேஜ். கால் டாக்சி ஓட்டுற அண்ணன் ஒருத்தர் அனுப்பியிருந்தார். "தம்பி, எனக்கு ராத்திரி ஏர்போர்ட் சவாரிதான் அதிகம். மழை பெஞ்சா எதிர்ல வர்ற லைட்டு கண்ணாடி முழுக்கப் பரவிடுது, ரோடே தெரியல. சர்வீஸ் சென்டர்ல கோட்டிங் அடிச்சா சரியாயிடும், மூவாயிரம் ஆகும்னு சொல்றாங்க. கடையில சின்ன பாட்டில் நானூறுக்கே இருக்கு. எதை வாங்குறது? இல்ல ரெண்டுமே ஏமாத்து வேலையா?"

நல்ல கேள்வி. ஒரு வரியில பதில் சொல்லிடலாம், ஆனா ஏன்னு புரிஞ்சாத்தான் காசு மிச்சமாகும். அதனால அடியில இருந்து வருவோம்.

முதல் விஷயம்: கண்ணாடிக்குத் தண்ணின்னா ரொம்பப் பிடிக்கும். கண்ணாடிங்கிறது அடிப்படையில சிலிக்கா. அதோட மேற்பரப்புல ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னச் சின்னக் கொக்கிகள் நீட்டிக்கிட்டு இருக்கும். தண்ணி மூலக்கூறு அதுல போய் ஒட்டிக்கும். அதனால சுத்தமான கண்ணாடி மேல ஒரு சொட்டு விட்டா அது அப்படியே தட்டையாப் பரவும். சொட்டோட விளிம்பு கண்ணாடியைத் தொடுற இடத்துல ஒரு கோணம் இருக்கு இல்லையா, அதைத் தொடுகோணம்னு சொல்வாங்க. சுத்தமான கண்ணாடியில அது ரொம்பச் சின்னது. மெழுகு தடவின பரப்புல 90 டிகிரியைத் தாண்டும், சொட்டு உருண்டையா நிக்கும்.

இப்போ கவனிங்க. தண்ணி முழுசாப் பரவினாலும் நமக்குப் பிரச்சினை இல்லை. ஒரே சீரான தண்ணிப் படலம் வழியா ரோடு நல்லாவே தெரியும். முழுசா உருண்டு ஓடிட்டாலும் பிரச்சினை இல்லை. பிரச்சினையே ரெண்டுக்கும் நடுவுலதான். நம்ம ரோட்டுல ஓடுற வண்டிக் கண்ணாடியில டீசல் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, கார் வாஷ்ல போட்ட மெழுகு எல்லாம் திட்டுத் திட்டாப் படிஞ்சிருக்கும். ஒரு இடத்துல தண்ணி பரவும், பக்கத்துலயே சொட்டா நிக்கும். மேடும் பள்ளமுமா இருக்கிற அந்தத் தண்ணி ஒவ்வொரு இடத்துலயும் ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்யும். எதிர்ல வர்ற ஹெட்லைட் ஆயிரம் துண்டா உடையும். அண்ணன் சொன்ன "லைட்டு பரவிடுது" இதுதான்.

லாரி, பஸ் டிரைவர்கள் கிட்ட ஒரு பழைய வைத்தியம் உண்டு. கண்ணாடியில புகையிலையைத் தேய்ப்பாங்க, உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பாங்க, சோப்பைப் பூசுவாங்க. நிறைய பேர் இதைத் தண்ணி ஒட்டாம இருக்கச் செய்யுற வேலைன்னு நினைக்கிறாங்க. நடக்கிறது நேர் எதிர். சோப்பும் மாவுச்சத்தும் தண்ணியை இன்னும் நல்லாப் பரவ வைக்கும். திட்டுத் திட்டா நிக்கிற தண்ணி ஒரே படலமா மாறிடும், பார்வை தெளியும். அந்த நேரத்துக்கு அது வேலை செய்யும். ஆனா மழையே அதைக் கழுவிட்டுப் போயிடும்.

கடையில விக்கிற கோட்டிங் போறது அடுத்த பாதையில. தண்ணியை உருட்டி விடுறது. அமெரிக்காவுல ஹோவர்ட் ஓல்ஹாசன்னு ஒருத்தர் வாங்கின காப்புரிமை 1971ல வந்தது. சிலிக்கோன் வகைப் பொருளை ஆல்கஹால்ல கலந்து, கொஞ்சம் அமிலமும் சேர்த்துக் கண்ணாடியில தேய்க்கிற முறை அது. ரெயின்-எக்ஸ்ங்கிற பெயர்ல கடைக்கு வந்ததும் அதுதான். அமிலம் எதுக்குன்னா, நான் சொன்ன அந்தக் கொக்கிகள்ல சிலிக்கோன் போய் இறுக்கமாப் பிடிச்சுக்கணும், அதுக்கு. கொக்கியை சிலிக்கோன் பிடிச்சுக்கிட்டா தண்ணி பிடிக்க இடம் இல்லை, அவ்வளவுதான். பிறகு ஃப்ளூரின் சேர்ந்த வகைகள் வந்துச்சு. அதுங்க பொதுவா கூடுதல் நாள் தாங்கும், விலையும் கூட.

விமானத்துலயும் இந்தக் கதை உண்டு. பழைய போயிங் ஜெட்கள்ல பைலட் ஒரு பட்டனை அமுக்கினா முன் கண்ணாடி மேல மழை விரட்டி திரவம் பீய்ச்சும். அந்தத் திரவத்துல ஓசோன் படலத்தைக் கெடுக்கிற சி.எஃப்.சி. இருந்துச்சு. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் அந்த வகைப் பொருள்களுக்குத் தடை வர, அந்தப் பட்டனும் வழக்கொழிஞ்சு போச்சு. இப்போ விமானக் கண்ணாடியிலேயே கோட்டிங் போட்டு வருது.

"தாமரை இலைத் தண்ணீர் போல ஓடிடும்"னு விளம்பரத்துல சொல்வாங்க. அங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும். ஜெர்மனியில பான் பல்கலைக்கழகத்து வில்ஹெல்ம் பார்த்லாட்டும் அவரோட சகாவும் 1997ல தாமரை இலையோட ரகசியத்தை விளக்கினாங்க. இலை மேல மெழுகு மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத புடைப்புகளும் இருக்கு. சொட்டு அந்தப் புடைப்புகளோட நுனியில மட்டும் உட்காரும், அடியில காத்து. அதனால தொடுகோணம் 150 டிகிரிக்கும் மேல போகும். கார் கண்ணாடியில அப்படிப் புடைப்பு வெச்சா வெளிச்சம் சிதறும், வைப்பர் ரெண்டே நாள்ல அதை மழிச்சிடும். அதனால கார் கோட்டிங் வழுவழுப்பான ஒரு மெல்லிய படலம்தான். தொடுகோணம் 100, 110 டிகிரி அளவுல நின்னுடும்.

இந்த எண்ணுக்கு நடைமுறையில என்ன அர்த்தம்? சொட்டு தானா ஓடாது, தள்ளிவிட ஆள் வேணும். அந்த ஆள் காத்து. ஹைவேயில 70, 80 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது எதிர்க்காத்து சொட்டுகளை மேல தள்ளிக்கிட்டே போகும், வைப்பரே போடாமக் கூட ரோடு தெரியும். ஆனா கத்திப்பாரா பாலத்துல இருபதுல ஊர்ந்துக்கிட்டு இருந்தா? சொட்டு அங்கேயே முத்து முத்தா நிக்கும். தூறல்ல, ராத்திரியில, அந்த முத்து ஒவ்வொண்ணுலயும் ஒரு ஹெட்லைட் மின்னும். வைப்பர் போட்டுத்தான் ஆகணும். போட்டா ஒரே இழுப்புல சுத்தமாயிடும், அந்த லாபம் உண்டு.

இதனால உண்மையிலேயே பார்வை மேம்படுதா? 1997ல மிச்சிகன் பல்கலைக்கழகத்தோட போக்குவரத்து ஆய்வு நிலையத்துல சோதிச்சுப் பார்த்தாங்க. கோட்டிங் போட்ட கண்ணாடி வழியா மழையில பார்த்தவங்க இன்னும் சின்ன பொருளைக் கண்டுபிடிச்சாங்க, அதுவும் ஒரு நொடிக்கு மேல சீக்கிரமா. 80 கிலோமீட்டர் வேகத்துல ஒரு நொடின்னா 22 மீட்டர். ஒரு மாடு குறுக்கே நிக்குதுன்னா அந்த 22 மீட்டர் எவ்வளவு பெருசுன்னு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, எவ்வளவு நாள் இருக்கும்? டப்பா மேல மாசக் கணக்குல போட்டிருப்பாங்க. ஆனா கோட்டிங்கைத் தேய்க்கிறது காலண்டர் இல்லை, வைப்பர். வேகமா ஓடுற வைப்பர் நிமிஷத்துக்கு 45 தடவை போயிட்டு வரும்னு வெச்சுக்கோங்க. ஒரு மணி நேர மழைக்கு 2,700 தடவை. அதனால வைப்பர் ஓடுற பகுதியில முதல்ல தேயும், ஓரத்துல அப்படியே இருக்கும். நாள் கணக்கு பார்க்காதீங்க. நடுவுல தண்ணி உருளாமப் பரவ ஆரம்பிச்சா, மறுபடி போடுற நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம்.

இனி அண்ணனோட கேள்விக்கு வர்றேன். சாஃப்ட்வேர்ல ஒரு பழக்கம் உண்டு. பிழை வந்தா ஒரே நேரத்துல நாலு விஷயத்தை மாத்தக் கூடாது, ஒண்ணொண்ணா மாத்திப் பார்க்கணும். இங்கேயும் அதேதான்.

ஒண்ணு, கண்ணாடியை நல்லாக் கழுவி, கண்ணாடிக்குன்னு இருக்கிற பாலிஷ் போட்டுப் பிசுக்கை எடுங்க. அப்புறம் தண்ணி ஊத்திப் பாருங்க. திட்டு இல்லாம ஒரே சீராப் பரவினா சுத்தமாயிடுச்சு. பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துடலாம். ரெண்டு, வைப்பர் ரப்பரை விரலால தடவிப் பாருங்க. வெயில்ல காஞ்சு வெடிச்சிருந்தா மாத்துங்க. மூணு, காலையில சூரியன் எதிர்ல இருக்கும்போது கண்ணாடியைப் பாருங்க. மணல் பட்டு ஊசி குத்தின மாதிரி புள்ளிகளும், வைப்பர் கிழிச்ச வளைவுக் கீறல்களும் நிறையத் தெரிஞ்சா, எந்தக் கோட்டிங்கும் காப்பாத்தாது. அந்த மூவாயிரத்தைப் புதுக் கண்ணாடிக்குச் சேர்த்து வைங்க.

இந்த மூணும் சரியா இருந்தா நானூறு ரூபாய் பாட்டிலே போதும். அதையும் முதல்ல இடது பக்கப் பாதியில மட்டும் போடுங்க. ஒரு மழை ஓட்டிப் பாருங்க. ஒரே மழை, ஒரே ரோடு, பாதி கோட்டிங், பாதி வெறும் கண்ணாடி. இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. வித்தியாசம் பிடிச்சா வலது பக்கமும் போடுங்க. சர்வீஸ் சென்டர்ல கேக்குற காசுல பெரும்பகுதி, சுத்தம் பண்ணிப் பூசுற கூலிக்குத்தான் போகும். கையில ஒரு மணி நேரம் இருந்தா அதை நாமே செய்யலாம்.

போடுற முறை: நிழல்ல நிறுத்துங்க, கண்ணாடி சூடா இருக்கக் கூடாது, ஈரமும் இருக்கக் கூடாது. துணியில கொஞ்சம் ஊத்தி வட்டம் வட்டமாத் தேய்ங்க. காஞ்சு வெள்ளையாப் பூத்ததும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால துடைங்க. மிச்சம் இருந்தா வைப்பர் "டர்ர்ர்"னு குதிக்கும். ஸ்ப்ரே வகை வாங்கினா மூடின கார் ஷெட்ல அடிக்காதீங்க, அந்தப் பனித்துளி நுரையீரலுக்கு நல்லதில்லை.

செய்யக் கூடாத மூணு விஷயம். கண்ணாடியோட உள்பக்கம் போடாதீங்க. உள்ளே வர்ற ஆவி அங்கே சின்னச் சின்ன சொட்டா நின்னு மோசமாக்கும். உள்பக்க மூட்டத்துக்கு ஏசியைப் போட்டு, வெளிக்காத்து உள்ளே வர்ற மாதிரி வெச்சு, கண்ணாடிப் பக்கம் திருப்பி விடுறதுதான் வழி.

ரெண்டாவது, தானா ஓடுற வைப்பர் உள்ள வண்டின்னா முதல் மழையில கவனமா இருங்க. அந்த சென்சார் உள்ளே இருந்து கண்ணாடிக்குள்ள அகச்சிவப்பு ஒளியைச் சாய்வா அனுப்பும். வெளியே காத்து இருந்தா ஒளி முழுசாத் திரும்பி வரும், தண்ணி இருந்தா கொஞ்சம் வெளியே கசிஞ்சிடும். எவ்வளவு குறையுதுன்னு பார்த்துத்தான் வைப்பர் வேகத்தை முடிவு பண்ணுது. தண்ணி பரவி நிக்காம உருண்டு ஓடினா அதோட கணக்கு மாறலாம். தேவைப்பட்டா கையாலேயே வைப்பரை ஓட்டுங்க.

மூணாவது, இதைக் கேக்குறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல பைக்காரங்கன்னு எனக்குத் தெரியும். கார் கண்ணாடிக்கு வாங்கினதை ஹெல்மெட் வைசர்ல தேய்க்காதீங்க. வைசர் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். சிலிக்கோன் பிடிக்கிற கொக்கி அதுல கிடையாது, கரைப்பான் பட்டா மங்கிப் போகவும் விரிசல் விடவும் வாய்ப்பு இருக்கு. பிளாஸ்டிக்குக்குன்னு டப்பாவிலேயே எழுதியிருக்கிறதை மட்டும் வாங்குங்க.

கடைசியா ஒண்ணு. இந்தக் கோட்டிங் கண்ணுக்குத்தான் உதவும், டயருக்கு உதவாது. ரோடு பளிச்சுனு தெரியும்போது கால் தானா ஆக்சிலரேட்டரை அமுக்கும். வண்டி நிக்கிற தூரம் மட்டும் ஈர ரோட்டுல அதே நீளம்தான். கிடைச்ச அந்த ஒரு நொடியை வேகத்துல செலவு பண்ணாதீங்க, பிரேக்குக்கு விட்டு வைங்க.

சோதனை பண்ணிப் பார்த்தவங்க பாதிக் கண்ணாடி போட்டோவை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம். பத்திரமா ஓட்டுங்க மக்களே, வணக்கம்.