வைக்கோல் விலை ஏன் ஏறுகிறது?

(அல்சூரில் மாடு வைத்திருப்போர் மாலை வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



நம் அல்சூர் இன்று பெரிய நகரத்தின் நடுவில் இருக்கிறது. மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஆனாலும் சோமேசுவரர் கோயில் பக்கத்துச் சந்துகளில் காலையில் நடந்தால் சாணி வாசனை வரும். ஒரு மாடு, இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

மாடு நம்முடையது. ஆனால் மாடு தின்னும் புல் நம்முடையது அல்ல. நமக்கு வயல் கிடையாது. கோலார், மாலூர், ஓசூர்ப் பக்கத்து வயலில் விளைவதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். ஆகவே வைக்கோல் விலை ஏறினால் முதல் அடி நமக்குத்தான். இந்த விலை ஏன் ஏறுகிறது? நாம் என்ன செய்யலாம்? இதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

விலை ஏறுவது எதனால்?

முதல் காரணம் பருவம். நம் பக்கத்தில் ராகியை ஆடி மாத வாக்கில் விதைக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் அறுக்கிறார்கள். அப்போது களத்தில் ராகிப் புல் மலைபோல் குவியும். விலை இறங்கும். சித்திரை, வைகாசியில் போர் காலியாகும். விலை ஏறும்.

இரண்டாவது காரணம் மழை. மழை பொய்த்தால் தானியமும் இல்லை, தாளும் இல்லை. 2023ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் மொத்தம் 236 தாலுகாக்கள். அவற்றில் 223 தாலுகாக்களை அரசு வறட்சிப் பகுதி என்று அறிவித்தது. அந்த ஆண்டு கர்நாடகத்தின் எல்லைப் பகுதியிலிருந்து கேரளத்துக்குத் தீவனம் கொண்டுபோகத் தடை வந்தது. வயநாட்டில் மாடு வைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். இங்கே மழை இல்லை என்றால் அங்கே மாடு பட்டினி.

மூன்றாவது காரணம் லாரி வாடகை. பஞ்சாபில் வயலிலேயே வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். இங்கே நாம் வைக்கோலுக்கு அலைகிறோம். அங்கிருந்து ஏன் கொண்டுவரக் கூடாது? வைக்கோல் எடை குறைவு. ஆனால் இடம் அதிகம் அடைக்கும். லாரி நிறைந்துவிடும், எடை ஏறாது. வைக்கோலின் விலையைவிட வாடகை மிஞ்சிவிடும். அதனால்தான் வைக்கோல் அருகில் இருக்கும் ஊருக்கே போகிறது. இப்போது இயந்திரத்தால் இறுக்கிக் கட்டிய கட்டுகள் வருகின்றன. ஒரே லாரியில் அதிக எடை ஏறும். வாடகையும் குறையும்.

நான்காவது காரணம் பற்றாக்குறை. வீடு கட்ட நிலம் போகிறது. மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது. பயிரும் மாறுகிறது. நம் நாட்டுக்குத் தேவையான உலர் தீவனத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 23 பங்கு குறைகிறது என்று ஜான்சி நகரில் உள்ள தீவன ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டிருக்கிறது. 2022 ஆகஸ்டில் தீவனத்தின் மொத்த விலை அதற்கு முந்தைய ஆண்டைவிட நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் ஏறியிருந்தது. பால் விலை இந்த வேகத்தில் ஏறுமா? 2023 ஆகஸ்டில் நந்தினி பால் லிட்டருக்கு 3 ரூபாய் கூடியது. நடுவில் அகப்பட்டவர் மாட்டுக்காரர்தான்.

கட்டு வேறு, கிலோ வேறு

இனி நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். இங்கே நான் சொல்லும் விலைகள் கணக்குக்காகச் சொல்பவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஒருவர் ஒரு கட்டு 60 ரூபாய் என்கிறார். இன்னொருவர் கிலோ 8 ரூபாய் என்கிறார். எது மலிவு? கட்டைத் தராசில் வையுங்கள். 6 கிலோ இருக்கிறது. அப்படியானால் கிலோ 10 ரூபாய். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கிறதா? காய்ந்தால் 5 கிலோதான் நிற்கும். அப்போது கிலோ 12 ரூபாய் ஆகிவிட்டது! ஈரமான வைக்கோலில் பூஞ்சையும் பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைத் தின்றால் மாட்டுக்கு நோய் வரும். அதன் நஞ்சு பாலிலும் இறங்கும்.

பச்சைப் புல் கிலோ 4 ரூபாய்தானே, அது மலிவு அல்லவா என்று ஒரு தாய் கேட்டார். நல்ல கேள்வி. 10 கிலோ பச்சைப் புல்லில் 8 கிலோ தண்ணீர். 40 ரூபாய்க்குக் கிடைப்பது 2 கிலோ சத்துதான். 10 கிலோ காய்ந்த வைக்கோலில் தண்ணீர் 1 கிலோதான். 80 ரூபாய்க்கு 9 கிலோ கிடைக்கிறது. ஆகவே வயிற்றை நிரப்ப வைக்கோல். பச்சைப் புல்லில் உயிர்ச்சத்தும் புரதமும் உண்டு. அதையும் அறவே நிறுத்தக் கூடாது. இரண்டும் கலந்து போட வேண்டும்.

முன்கூட்டி வாங்கினால் லாபமா?

ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 5 கிலோ வைக்கோல் என்று வைப்போம். தை முதல் ஆனி வரை 180 நாள். மொத்தம் 900 கிலோ வேண்டும்.

அறுவடையின்போது கிலோ 7 ரூபாய் என்றால் 6,300 ரூபாய். அவ்வப்போது வாங்கினால் சராசரி 10 ரூபாய் என்றால் 9,000 ரூபாய். மிச்சம் 2,700 ரூபாய்.

ஆனால் கையில் 6,300 ரூபாய் ஏது? நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 315 ரூபாய். ஆறு மாதத்துக்கு 1,890 ரூபாய். மிச்சத்தில் 810 ரூபாய்தான் நிற்கும். மழையிலும் எலியாலும் 100 கிலோ வீணானால் 700 ரூபாய் போயிற்று. கடைசியில் 110 ரூபாய். இதற்காகவா கடன்பட வேண்டும்?

இதையே மகளிர் குழுவில் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் ஆறு மாத வட்டி 378 ரூபாய்தான். வீணானது போகவும் 1,622 ரூபாய் நிற்கும். வைக்கோல் அதேதான். மாடும் அதேதான். வட்டிதான் வேறு. பத்துப் பேர் சேர்ந்து ஒரே லாரியில் இறக்கினால் வாடகையும் பங்காகும். ஒன்று மட்டும் கவனியுங்கள். வைக்கோலை மின்கம்பிக்குக் கீழே, அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள். சந்துக்குள் தீப்பிடித்தால் வண்டி நுழைய முடியாது.

இருப்பதைச் சிக்கனமாகப் போடுவோம்

நீள வைக்கோலை அப்படியே போட்டால் மாடு இழுத்துக் காலில் மிதிக்கும். சிறு துண்டாக நறுக்கித் தொட்டியில் போட்டால் வீணாவது குறையும்.

நெல் வைக்கோலில் புரதம் மிகவும் குறைவு. ராகிப் புல் அதைவிட நல்லது. நெல் வைக்கோல்தான் கிடைக்கிறது என்றால் யூரியா ஊட்டலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் முழுதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதிக்க வேண்டும். காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு 21 நாள் மூட வேண்டும். பிறகு வேண்டியதை எடுத்து, காற்றில் உலர்த்தி, நெடி போன பின் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. யூரியா கரைத்த தண்ணீரை மாடு குடித்தால் செத்துவிடும். ஆகவே முதல் தடவை கால்நடை மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்படி செய்யுங்கள்.

காசு மிச்சம் என்று சாக்கடை நீர் கலக்கும் ஏரிக்கரைப் புல்லை அறுத்துப் போடாதீர்கள். 2016 மார்ச்சில் நம் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அழுக்குத் தண்ணீரில் வளர்ந்த புல்லின் கேடு பாலுக்கு வரும். அந்தப் பாலை நம் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

1927இல் காந்தியடிகள் உடல்நலம் தேறப் பெங்களூரில் தங்கியிருந்தார். அப்போது இங்கிருந்த அரசுப் பால்பண்ணைக்குப் போய் மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 57. இந்த வயதில் எனக்கு எதற்குப் படிப்பு என்று அவர் நினைக்கவில்லை. அந்தப் பண்ணை இருந்த ஆடுகோடியில் இன்று கால்நடைத் தீவனத்துக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1995இல் தொடங்கியது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான்.

நீங்களும் எழுதப் படிக்கக் கற்றுவிட்டீர்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். நான்கு கோடு போடுங்கள். தேதி, வாங்கிய தீவனம் எத்தனை கிலோ, கொடுத்த பணம், கறந்த பால். நாள்தோறும் எழுதுங்கள். ஒரே ஆண்டில் விலை எந்த மாதம் ஏறும், எந்த மாதம் இறங்கும் என்று உங்கள் நோட்டே சொல்லும். வியாபாரிக்கு அது மனப்பாடம். நமக்கும் தெரிந்துவிட்டால் பேரம் பேசுவது எளிது.

மழையை நாம் கொண்டுவர முடியாது. லாரி வாடகையைக் குறைக்க முடியாது. ஆனால் தராசும் நோட்டும் நம் கையில் இருக்கின்றன.

கலந்து பேசுவோம்

1. நீங்கள் வாங்கும் கட்டு எத்தனை கிலோ? எடை போட்டுப் பார்த்ததுண்டா?
2. உங்கள் மாட்டுக்கு ஒரு மாதம் தீவனச் செலவு எவ்வளவு? பால் வரவு எவ்வளவு?
3. உங்கள் தெருவில் எத்தனை பேர் சேர்ந்தால் ஒரு லாரி வைக்கோல் வாங்கலாம்?